ஒன்பது இருபதுக்கு ஒரு கட்டுக் கீரை

சனிக்கிழமை காலை எட்டு மணியிலிருந்து ஒரு மணி வரை நான் எங்கே இருப்பேன் என்று கேட்டால் எங்கள் ஊர் நாய்கூடச் சொல்லிவிடும். கண்காட்சி மைதானத்து விவசாயிகள் சந்தை, வேலியோரம், பதினேழாம் எண் இடம். முன்னால் கீரை அடுக்கிய மேஜை. பின்னால் என் வேன். சந்தை திறக்கும் மணியை அடித்துவிட்டால் மூடும் மணி அடிக்கும்வரை உள்ளே எந்த வண்டியும் நகரக் கூடாது. இடப்பக்கம் ஆட்டுப்பால் சீஸ் விற்கிற ட்ரூடி, வலப்பக்கம் தேன் விற்கிற ஆல்டோ. நாலு பக்கமும் அடைப்புதான். பதினோரு வருஷம் அந்த அடைப்புக்குள் நான் சந்தோஷமாகத்தான் நின்றேன். அதற்குப் பிறகு வந்த இரண்டு வருஷத்தைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

டாரல் என் முன்னாள் கணவன். அவன் என்னை ஒருநாளும் அடித்ததில்லை. எல்லோரும் முதலில் கேட்பது அதைத்தான், அதனால் நானே முந்திச் சொல்லிவிடுகிறேன். நான் கடைக்குப் போய்விட்டு வந்தால் வண்டியில் ஓடியிருக்கும் கிலோமீட்டரைப் பார்ப்பான். ஆறு கிலோமீட்டர் அதிகமாக இருந்தால் ராத்திரிச் சாப்பாட்டின்போது அந்த ஆறு கிலோமீட்டர் எங்கே போனது என்று குரலை உயர்த்தாமல் கேட்பான். இருபத்தாறு வருஷம் பதில் சொன்னேன். பிறகு விலகி, மலைரோட்டில் அதுவரை குத்தகைக்குக் கீரை போட்டுவந்த இரண்டு ஏக்கர் நிலத்தையும் அதிலிருந்த தகர வீட்டையும் வாங்கிக்கொண்டு போனேன். ஆஸ்திரேலியாவில் எங்கள் கிப்ஸ்லாந்துப் பக்கம் பால்பண்ணைக்காரன் மனைவி அப்படிப் போவது சாதாரணம் இல்லை. ஆனாலும் போனேன், போய் நன்றாகத் தூங்கினேன், இரண்டு வாரம்.

மூன்றாவது சனிக்கிழமை ஒன்பது இருபதுக்கு அவன் என் மேஜை முன்னால் வரிசையில் நின்றான். கையில் துணிப்பை வேறு.

"ஒரு கட்டு சில்வர்பீட் குடு, கண்ணு."

சில்வர்பீட் அகல இலைக் கீரை. அவனுக்குப் பச்சை நிறத்தில் எது தட்டில் விழுந்தாலும் ஆகாது. அது எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். ஆனால் அவன் பின்னால் ஏழு பேர் நின்றார்கள். கொடுத்தேன். காசைக் கொடுத்துவிட்டுப் போகாமல் மேஜையின் ஓரத்தில், எனக்கும் ட்ரூடிக்கும் நடுவில் இருக்கிற சந்தில் நின்றுகொண்டான்.

"ஷெட்டுக்குப் புதுப் பூட்டு போட்டிருக்க போல," என்றான். "நல்லதுதான். இந்தக் காலத்துல யார நம்ப முடியுது?"

என் ஷெட் ரோட்டிலிருந்து தெரியாது. என் நிலத்துக்குள் இருக்கிற குளத்துக் கரை மேல் ஏறி நின்றால்தான் தெரியும்.

அன்றிலிருந்து வாராவாரம், அதே நேரம், ஒரு கட்டு. "செவ்வாக்கெழம மத்தியானம் வண்டியக் காணோமே, பல் டாக்டர்ட்டயா போன?" என்பான். போயிருப்பேன். "முன் ரூம் பல்பு ஃபியூஸ் போச்சா?" என்பான். போயிருக்கும். எல்லாம் சிரித்த முகத்தோடு. வரிசையில் நிற்கும் பெண்களிடம் திரும்பி, "இவ வளக்குற கீரை மாதிரி இந்தப் பக்கத்துலயே கெடையாதுங்க. ஆனா இவ சாப்பிட மறந்துருவா. பாருங்க, எப்படி எளச்சுட்டான்னு," என்பான். அதைக் கேட்டு அந்தப் பெண்கள் உருகிப்போவார்கள். ஒருத்தி என்னிடமே சொன்னாள்: "பிரிஞ்சதுக்கப்புறமும் இப்படிப் பாத்துக்குற மனுஷன் யாருக்கும்மா கெடைப்பான்?" நான் அவளுக்கு மீதிச் சில்லறையைக் கொடுத்தேன். வேறென்ன செய்ய?

கடைக்காரிக்கு எழுந்து போகிற சௌகரியம் கிடையாது. தெருவில் பிடிக்காதவனைக் கண்டால் எதிர்ப்பக்கம் போகலாம். மேஜைக்குப் பின்னால் நிற்பவள் எங்கே போவாள்? யார் வந்து முன்னால் நின்றாலும் சிரிக்க வேண்டும். அதைத்தான் அவன் கண்டுபிடித்திருந்தான். என் வீட்டுக் கதவை நான் சாத்திக்கொள்ளலாம். சந்தைக்குக் கதவு இல்லை.

போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். எனக்கு மகனாக இருக்கிற வயசு கான்ஸ்டபிளுக்கு.

"மெரட்டுனாரா?"

"இல்ல."

"வீட்டுக்குள்ள வந்தாரா?"

"நான் பாக்கல."

"சந்தைங்கறது பொது எடம். கீரை வாங்குறார்னு சொல்றீங்க. அத நான் எப்படி எழுதுறது?"

உண்மைதான், எப்படி எழுதுவான்? அவன் மேல் கோபமில்லை. கொஞ்சம் இருந்தது.

இடத்தை மாற்றிக் கேட்கலாம் என்று சந்தை நடத்தும் பிலிப்பாவிடம் போனேன். மஞ்சள் சட்டையும் கையில் மணியுமாகத் திரிவாளே, அவள்தான். பதினேழை விட்டால் நான் காத்திருப்போர் பட்டியலில் முப்பத்தாறாவது ஆள். மூன்று சனிக்கிழமை வராமல் இருந்தால் இடம் தானாகவே போய்விடும். எனக்குப் பதிலாக யாரையாவது நிறுத்தலாம் என்றால் அதற்கும் விதி இருக்கிறது: விளைவித்தவர்தான் நின்று விற்க வேண்டும். நல்ல விதிகள்தான். அவற்றுக்கு ஓட்டுப் போட்டவர்களில் நானும் ஒருத்தி. இரண்டு ஏக்கர் கீரையை எந்தப் பெரிய கடையும் வாங்காது. அந்த மேஜை இல்லையென்றால் நிலம் இல்லை, நிலம் இல்லையென்றால் நான் திரும்பிப் போவதற்கு ஒரே ஒரு வீடுதான் இருந்தது. அதுவும் அவனுக்குத் தெரியும்.

ஒருநாள் துணிந்து, "உனக்கு விக்கிறதா இல்ல," என்று சொல்லிப் பார்த்தேன். சத்தமாகச் சொல்லவில்லை. அவன்தான் சத்தமாகச் சொன்னான்: "சரிம்மா, உனக்குக் கஷ்டமா இருந்தா வேண்டாம்." தலையைக் குனிந்துகொண்டு, பையை மடித்துக்கொண்டு போனான். அன்று மதியம் பிலிப்பா என்னிடம் வந்தாள். மூன்று பேர் புகார் சொன்னார்களாம். மேஜையில் வைத்த பொருளை யாருக்கும் இல்லை என்று சொல்லக் கூடாது, இது முதல் எச்சரிக்கை. அடுத்த வாரம் ஒன்பது இருபதுக்கு அவன் வந்தான். நான் கொடுத்தேன்.

இதற்கிடையில் அவன் சந்தைக்கே செல்லப்பிள்ளையாகிவிட்டான். ஊர்க் கால்பந்து கிளப்புக்குக் காசு சேர்க்கச் சந்தை வாசலில் சாஸேஜ் சுட்டு விற்றான். ஆல்டோவின் டிரெய்லர் அச்சுக்கு வெல்டிங் வைத்துக் கொடுத்தான். ட்ரூடியின் குளிர்பெட்டி நின்றுபோன அன்று எங்கிருந்தோ ஐஸ் கொண்டுவந்தான். என்னைச் சுற்றி இருந்தவர்களை ஒவ்வொருவராகக் கடன்படுத்தினான். அவர்களுக்கு அது தெரியவில்லை, எனக்கு மட்டும் தெரிந்தது. அதை வெளியே சொன்னால் எனக்குத்தான் மண்டையில் ஏதோ கோளாறு என்பார்கள்.

ஆனாலும் சொன்னேன். மார்ச் மாதம் சந்தைக்காரர்கள் கூட்டத்தில், டீ பாய்லர் பக்கத்தில் எழுந்து நின்று சொன்னேன். டாரலைச் சந்தைக்கு வராமல் செய்யுங்கள் என்று.

"அவர் என்ன பண்றார், கெரின்?" என்று கேட்டாள் பிலிப்பா.

"வர்றார்."

"வந்து?"

"கீரை வாங்குறார்."

யாரோ தொண்டையைக் கனைத்தார்கள்.

"வாரம் தவறாம வாங்குறாரா?" இது ஆல்டோ.

"ஆமா."

"அடேயப்பா, என்கிட்டயும் யாராச்சும் இப்படி வாரா வாரம் வந்து தொல்ல குடுத்தா தேவலாம்!"

கூடமே சிரித்தது. வெட்கக்கேடு, நானும் சிரித்தேன். நாற்பது பேர் சிரிக்கும்போது ஒருத்தி மட்டும் சிரிக்காமல் நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று நின்று பார்த்தால்தான் தெரியும். கூட்டம் முடிந்ததும் ட்ரூடி என் தோளில் கை போட்டாள். "அவனுக்கு உன் ஞாபகம்டி. தனியாக் கெடக்கான் பாவம். ஒரு கட்டு கீரைதான், குடுத்துட்டுப் போயேன்," என்றாள்.

எங்கள் ஆட்களைக் குறை சொல்லியும் பயனில்லை. சந்தையில் நிற்பவர்களுக்கு மனிதர்கள் இரண்டே வகை. ஆகா ஓகோ என்று புகழ்ந்து, தொட்டுப் பார்த்து, போட்டோ எடுத்துவிட்டு, வாங்காமல் போகிறவர்கள் ஒரு வகை. மழையானாலும் பனியானாலும் பையோடு வந்து வாங்கிப் போகிறவர்கள் இன்னொரு வகை. இந்த இரண்டாவது வகையில் கெட்டவன் இருக்கவே முடியாது என்பது எங்களுக்குள் கேள்வி கேட்காத நம்பிக்கை. எனக்கும் இருந்ததுதான். வாராவாரம் வாங்குகிறவன் திருடனே ஆனாலும் அவனுக்காக நாலு நல்ல வார்த்தை சொல்லியிருப்பேன். டாரல் போட்ட வேலிக்கு நாங்களே கம்பு வெட்டிக் கொடுத்தோம்.

அதற்குப் பிறகு நான் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. ஐந்து மணிக்கு எழுந்து கீரை அறுப்பேன், கட்டுவேன், ஓட்டுவேன், அடுக்குவேன். ஒன்பது இருபதுக்கு அவன் வருவான். பத்து மணிக்குப் போவான். மீதி மூன்று மணி நேரம் கீரைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டே நிற்பேன்.

சந்தை வாசல் பக்கம் கழிவுத் தொட்டி ஒன்று உண்டு. வாடின இலை, அடிபட்ட பழம் எல்லாம் அதில் விழும். பன்றி வளர்க்கிற லெஸ்தான் அதை எடுத்துப் போவான். ஜூன் மாதம் லெஸ் முட்டிவலி என்று பன்றிகளை விற்றுவிட்டான். ட்ரூடி தன் ஆடுகளுக்கென்று தொட்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். ஜூலை கடைசியில் ஒருநாள் மேஜையை மடக்கிக்கொண்டிருந்தபோது என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏண்டி, ஒனக்கு என்ன அவ்ளோ கொழுப்பு? முழுக் கட்டத் தூக்கித் தொட்டியில போடுற? எங்கிட்ட குடுத்தா ஆகாதா?"

"நான் எங்க போட்டேன்?"

"ஒன் கட்டுதான். ஒன் நாருதான் சுத்தியிருக்கு."

நான் ரப்பர் வளையம் போடுவதில்லை. குளத்தங்கரையில் வளர்கிற ஃபிளாக்ஸ் என்ற நார்ச்செடியின் இலையைக் கிழித்து, அந்த நாரால்தான் கட்டுவேன். சந்தையில் வேறு யாரும் அப்படிக் கட்டுவதில்லை.

"எத்தன கட்டு இருந்துச்சு?"

"ஒண்ணுதான். போன வாரமும் ஒண்ணு. அதுக்கு முந்தின வாரமும் ஒண்ணு. நாரு அவுக்கக்கூட இல்ல."

எனக்குப் புரிந்துவிட்டது. அப்படியே சொல்லியிருக்கலாம். ஆனால் என் வாயிலிருந்து வந்தால் அது செல்லாது என்று அதற்குள் நன்றாகவே கற்றுக்கொண்டிருந்தேன்.

"அடுத்த வாரம் நீயே நின்னு பாரு," என்றேன்.

எங்களுக்கு அது குளிர்காலம், அடுத்த சனிக்கிழமை நல்ல பனி. ஒன்பது இருபதுக்கு டாரல் வந்தான், வாங்கினான், நின்றான். மலைரோட்டில் என் வீட்டுப் புகைபோக்கி வியாழக்கிழமை புகையவில்லையே, விறகு தீர்ந்துவிட்டதா என்று கேட்டான். பத்து மணிக்குப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சாஸேஜ் அடுப்புப் பக்கம் கிளம்பினான். ட்ரூடி தன் மேஜையை ஆல்டோவிடம் விட்டுவிட்டு முன்பே போய்க் காபி வண்டிக்குப் பின்னால் நின்றிருந்தாள். நான் ஒரு கிழவருக்குப் பீட்ரூட் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது. மூன்று வயலுக்கு அப்பால் இருக்கும் ஆடுகளைக் கூப்பிடுகிற குரல் அது.

"டாரல்! அந்தக் கட்ட வெளிய எடு!"

சந்தை முழுக்கத் திரும்பியது.

"எந்தக் கட்டு?"

"இப்பப் போட்டியே, அது."

"ஓ, இதுவா. வாடிப்போச்சு ட்ரூடி. ஒன் ஆட்டுக்காவது ஆகட்டுமேன்னு..."

"வாடிப்போச்சா?" ட்ரூடி தொட்டிக்குள் கையை விட்டுக் கட்டைத் தூக்கிப் பிடித்தாள். "விடிகாலைல அறுத்த கீரைய்யா இது! இன்னும் தண்ணி சொட்டுது! லெஸ்ஸுக்கு போன் போட்டுக் கேட்டுட்டேன். ரெண்டு வருஷமா அவன் பன்னி இதத்தான் தின்னுச்சாம். வாரம் ஒரு கட்டு. எவன் வீட்லயோ ஃப்ரிட்ஜ் இல்லபோலன்னு நெனச்சானாம். நூறு கட்டு டாரல்! நூறு!"

காபிக்காரி இயந்திரத்தை நிறுத்திவிட்டாள். என் பக்கத்தில் ஆல்டோ, "நூறு கட்டா?" என்றான். வீட்டில் சாவு விழுந்த மாதிரி இருந்தது அவன் குரல். தேன் ஜாடியைக் கீழே வைத்துவிட்டு, மேஜையைச் சுற்றிக்கொண்டு நேரே டாரலிடம் போனான். ரொட்டிக்காரன், முட்டைக்காரி, ஆப்பிள்காரர்கள் இரண்டு பேர் என்று ஒவ்வொருவராக வந்து சேர்ந்துகொண்டார்கள்.

"திங்க மாட்டேன்னா அப்பறம் எதுக்குய்யா வாங்குன?" என்று கேட்டான் ஆல்டோ.

இரண்டு வருஷமாக யாராவது கேட்க மாட்டார்களா என்று நான் தவித்த கேள்வி அதுதான். டாரல் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு சரியாக வரவில்லை. பிறகு கூட்டத்துக்கு மேலாக என்னைப் பார்த்தான். ராத்திரிச் சாப்பாட்டு மேஜையில் நான் பார்த்த முகம் அது, சந்தைக்கு முதல் தடவையாக வந்திருந்தது. பிலிப்பாவும் அதைப் பார்த்தாள். அவள் கையிலிருந்த மணி லேசாக அசைந்து சத்தம் போட்டது.

"டாரல், நீங்க இனிமே இங்க வர வேண்டாம்," என்றாள்.

முடிந்தது. எல்லாம் சேர்ந்து மூன்று நிமிஷம் இருக்கும்.

எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். எல்லோரும் அப்படித்தான் எதிர்பார்த்தார்கள். ஒருத்தி கட்டிப்பிடித்தாள், ஒருத்தி காபி கொண்டுவந்தாள். வாடிக்கையாளர்கள் வரிசை கட்டி நின்று சில்வர்பீட் வாங்கினார்கள். "நாங்க கண்டிப்பாச் சாப்பிடுவோம்மா," என்று ஒவ்வொருவரும் சொல்லிச் சொல்லி வாங்கினார்கள். எனக்கு ஆத்திரம் பொங்கியது. அவன் என் ஷெட்டைப் பார்த்தான், என் விளக்கைப் பார்த்தான், என் புகைபோக்கியைப் பார்த்தான். அதெல்லாம் யாருக்கும் உறைக்கவில்லை. கீரையைக் குப்பையில் போட்டான் என்றதும் ஊரே எழுந்து வந்துவிட்டது.

ட்ரூடி கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேடி!"

"சொன்னேன்."

"எப்ப?"

"மார்ச் மாசம் கூட்டத்துல. அதுக்கு முன்னாடி ஒன் வண்டில போகும்போது ஒரு தடவ. கிறிஸ்துமஸ் சந்தையன்னிக்கு ஒரு தடவ. ஒரு கட்டு கீரைதான், குடுத்துட்டுப் போன்னு சொன்ன."

ட்ரூடி மழுப்புகிற ரகம் இல்லை. "ஆமா," என்றாள். "சொன்ன. நான்தான் நம்பல."

"இப்ப மட்டும் எப்படி நம்புற?"

"கண்ணால பாத்தேன்ல."

அவளை அறையலாம் போல இருந்தது. அறையவில்லை. "அப்ப வா, வந்து மீதியையும் பாரு," என்றேன். "அவன் இப்ப வெளிய இருக்கான். இத்தன நாள் சனிக்கெழம காலைல மட்டுமாவது அவன் எங்க இருக்கான்னு எனக்குத் தெரிஞ்சுது. இன்னிக்கு அதுவும் போச்சு. தனியா வீட்டுக்குப் போக பயமா இருக்கு."

ஆல்டோ தலையைச் சொறிந்துகொண்டு தானும் வருவதாகச் சொன்னான்.

ஒரு மணிக்கு மேல் மூன்று வண்டிகளாக மலைரோட்டில் ஏறினோம். வீடு பூட்டியபடியே இருந்தது, ஷெட்டும் அப்படித்தான். ஆல்டோ வீட்டைச் சுற்றி வந்து ஒன்றுமில்லை என்றான். அவன் குரலில் கொஞ்சம் நிம்மதி, கொஞ்சம் சந்தேகம்கூட இருந்ததோ என்னவோ. ட்ரூடி மட்டும் உள்ளே வராமல் கேட்டுக்கு எதிரே ரோட்டோரத்தில் நின்றுகொண்டிருந்தாள். நாங்களும் அங்கே போனோம்.

கருவேல மரத்தடியில் இடுப்பளவு புல். அதன் நடுவில் ஒரு வண்டி நிற்கிற அளவுக்கு மட்டும் புல் இல்லை. டயர் பதிந்த இரண்டு பள்ளம், கணுக்கால் ஆழம். ட்ரூடி அதில் பூட்ஸை வைத்துப் பார்த்தாள். அங்கே நின்று பார்த்தால் என் முன்னறை ஜன்னலும் சமையலறை ஜன்னலும் நேராகத் தெரிந்தன.

"இது ஒரு நாள்ல விழுற தடம் இல்ல," என்றாள்.

"இல்ல."

"எத்தன நாளாடி?"

"ரெண்டு வருஷம்."

அப்போது வளைவில் வண்டிச் சத்தம் கேட்டது. டாரலின் வெள்ளைப் பிக்கப். எங்களைக் கண்டதும் வேகம் குறைந்தது. எங்கள் பக்கத்து ரோட்டில் எதிரே வருகிறவர் யாராக இருந்தாலும் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கிக் காட்டுவது வழக்கம். டாரல் விரலைத் தூக்கினான். ஆல்டோவின் கையும் தானாக மேலே போனது. பாதி போன பிறகுதான் யாருக்குக் கை காட்டுகிறோம் என்பது அவனுக்கு உறைத்தது. கையை இறக்கி, என்ன செய்வதென்று தெரியாமல் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான். பிக்கப் நிற்காமல் மலை மேல் போனது.

"மன்னிச்சுக்க கெரின். பழக்கதோஷம்," என்றான்.

"தெரியும். நானும் ரெண்டு வருஷமா சிரிச்சுக்கிட்டேதான் குடுத்தேன்."

"திரும்பி வருவானா?"

"வருவான். அந்தப் பக்கம் ரோடு முடிஞ்சுரும்."

ட்ரூடி ஏற்கனவே போனை எடுத்துப் போலீஸ் ஸ்டேஷனுக்கு அடித்துக்கொண்டிருந்தாள். ஒரு கையால் பையைத் துழாவிச் சீஸ் சுற்றுகிற தாளும் பேனாவும் எடுத்து, வேலிக் கட்டை மேல் வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"மொதல் தடவ எப்ப வந்தான்? தேதி சொல்லு."

நான் சொன்னேன். திருப்பிக் கேட்காமல் எழுதிக்கொண்டாள்.